பன்னிரண்டாவது கட்டம்

திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் படையில் பதினோரு பேர் செத்துப்போனார்கள். அந்த நேரத்தில் நான் ஒரு காதணி விழா பார்ட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெயக்கொடி. திருமங்கலத்தில் மின்னல் டிஜிட்டல்ஸ் என்று கடை வைத்திருக்கிறேன். ப்ளெக்ஸ் துணியைத் தடை செய்து ஆறு வருடமாகிறது. இப்போதெல்லாம் விளக்குக் கம்பத்தில் தொங்கும் ஒளித்திரைகள்தான். ஆனாலும் ஊரில் எல்லோரும் ப்ளெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். காது குத்து, புதுமனை புகுவிழா, தலைவர் வருகை, சாவு, எதுவாக இருந்தாலும் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, பின்னால் ஒரு சூரியனை வைத்து இருபது நிமிடத்தில் கொடுத்துவிடுவேன். டிசைன் நான். திரையில் ஏற்றிக் கம்பத்தில் மாட்டுவது என் வீட்டுக்காரர் பால்ச்சாமி.

வேலைக்கு நடுவில் 'பாளையம்' விளையாடுவேன். சந்தையில் பன்னிரண்டு பேரைக் கூலிப்படையாகச் சேர்த்துக்கொண்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, அக்கரைக் கோட்டையில் இருக்கும் கொடியைப் பிடுங்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கட்டளையெல்லாம் வாயால்தான். சட்டைக் காலரில் ஒரு மைக் குத்தியிருப்பேன், அது காலை ஒன்பது மணிக்குப் போட்டால் கடை சாத்தும்வரை கழற்றுவதில்லை. மதுரை மண்டலத்தில் எனக்கு ஒன்பதாவது இடம். எனக்கு மேலே இருக்கும் எட்டுப் பேரும் கல்லூரிப் பிள்ளைகள், ஆகவே நாற்பத்து நான்கு வயதில் இது லேசுப்பட்ட விஷயமில்லை.

பாளையத்தின் விசேஷமே அந்த ஆட்கள்தான். மற்ற விளையாட்டுகளில் செத்தவனைக் காசு கொடுத்து எழுப்பிவிடலாம். இதில் ஒவ்வொருவருக்கும் ஒரே உயிர், சொந்த ஞாபகம், சொந்தப் புத்தி. பிடிக்காவிட்டால் உங்களிடம் வேலைக்கு வர மாட்டார்கள். அந்தந்த மண்டலத்துக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பேசக் கற்றவர்கள் என்பதால், எங்கள் மண்டலத்துக் கூலிப்படை முழுக்க மதுரைத் தமிழ்தான். கோபம், ரோஷம், பந்தியில் முதலில் கூப்பிடவில்லை என்ற வருத்தம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு.

அன்றைக்குப் படையைப் பாலத்தின் நடு வரைக்கும் கொண்டுபோயிருந்தேன். இன்னும் இருபது அடி ஓடினால் மதில் மறைவு கிடைத்துவிடும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பிள்ளையின் போட்டோவை நேரில்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்த காதணி விழாக்காரர் பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாமல் நிற்கிறாராம். "அங்கயே நில்லுங்க. ஒரு அடி நகராதீங்க. ஆள் வரும்" என்றேன்.

திரும்பிப் பார்த்தால், என் ஆட்கள் நட்டுவைத்த கம்பம் மாதிரி பாலத்தில் நிற்கிறார்கள். மதிலிலிருந்து குண்டு வருகிறது, ஒருவர்கூடக் குனியவில்லை. "ஓடுங்கடா" என்று நான் கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருந்துப்பை தூக்கும் பேச்சி மட்டும் எப்படியோ இக்கரைக்கு ஓடி வந்திருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். சென்னையிலிருந்து பிளெஸ்ஸி என்ற பெண் பேசினாள்.

"மேடம், எங்க பக்கம் கோளாறு எதுவும் பதிவாகலை" என்றாள்.

"அப்ப பதினோரு பேரும் வேண்டுதலுக்கா நின்னாய்ங்க?"

"அது தெரியலை மேடம். ஆனா உங்க படையில இப்போ ஒருத்தர்தான் இருக்காங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஆறு பேர் ஆகணும். இல்லன்னா படையைக் கலைச்சிடுவோம்."

"கலைச்சா பேச்சி என்னாவா?"

"ஞாபகத்தை அழிச்சிட்டு, வேற பேர்ல புது ஆளா சந்தைக்கு அனுப்பிடுவோம். தோத்த கதையெல்லாம் பரவினா அப்புறம் யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க இல்லையா? அதுக்குத்தான் மேடம்."

அவள் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அவள் அழிப்பதாகச் சொன்னது பேச்சியை. பேச்சி மூன்று வருடமாக என் மேஜையின் இடது பக்கத் திரையில் இருப்பவள். சண்டை இல்லாத நேரத்தில் கேமரா வழியாகக் கடையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். யார் எந்த போட்டோவை மாற்றிக் கேட்டார்கள், யார் சொன்ன நாளுக்கு வரவில்லை என்று எனக்கு ஞாபகப்படுத்துவதே அவள்தான். டிசைனில் சின்னச் சின்னத் திருத்தம் என்றால் அவளே போட்டுவிடுவாள். மூன்று மணி ஆகியும் நான் சாப்பிடாமல் இருந்தால் "அக்கா, சோறு காஞ்சு போகுது" என்பாள். அவளை அழித்துவிட்டு அதே முகத்தில் வேறொருத்தியை நிறுத்தினால் நான் என்ன செய்வேன்?

செவ்வாய்க்கிழமை காலையில் சந்தைக்குப் போனேன். பாளையத்தில் சந்தை என்பது தகரக் கொட்டகையும் ஒரு டீக்கடையும்தான். வேலையில்லாத கூலிப்படை முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கும். என் தலையைப் பார்த்ததும் பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

முதல் ஆளிடம் கேட்டேன். காலில் ஆணி என்றான். அடுத்தவன், வீட்டில் விசேஷம் என்றான்.

"உனக்கு ஏதுடா வீடு?"

"அதான்கா, இனிமேத்தான் கட்டணும்."

மூன்றாவது ஆள் ஒரு பெண். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "இன்னிக்கு எனக்கு நாள் சரியில்ல" என்றாள். நாளைக்கு வரட்டுமா என்று கேட்டேன். "நாளைக்கும் சரியில்ல" என்றாள்.

கடைசியில் மாயழகண்ணனிடம் போனேன். பத்தொன்பது சண்டை பார்த்த ஆள், நரைத்த மீசை. அவர் ஒரு தளபதியிடம், அதாவது என்னைப் போல விளையாடுகிறவரிடம், சேர்ந்தால் பின்னாலேயே நான்கு பேர் சேருவார்கள், அவர் உதட்டைப் பிதுக்கினால் சந்தையே பிதுக்கும்.

"பதினோரு பேரு போனாய்ங்களே, என்ன ஆச்சு தாயி?" என்றார்.

"பாலத்துல செத்துட்டாய்ங்கண்ணே."

"அது தெரியும். ஏன் நின்னாய்ங்க?"

"அதான் எனக்கும் தெரியல. கம்பெனிக்காரய்ங்க கோளாறு."

"செத்தது யாரு யாருன்னு சொல்லு."

நான் நான்கு பெயர் சொன்னேன். ஐந்தாவது பெயருக்கு வாயைத் திறந்தேன், வரவில்லை. மூன்று வருடம் என் வாயால் ஏவியவர்கள். ஆனால் நான் அவர்களைப் பெயர் சொல்லியா கூப்பிட்டேன்? "ஏய் உயரமானவனே", "தொப்பிக்காரி", "டேய் பின்னால நிக்கிறவனே" என்றுதானே ஏவினேன்.

மாயழகண்ணன் டீயைக் குடித்து முடித்தார். "போ தாயி. கடையப் பாரு" என்றார்.

அன்று மதியம் பால்ச்சாமியிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் ஒரு ஒளித்திரையைத் துடைத்துக்கொண்டே, "உன்கிட்ட பதினெட்டு வருசம் வேலை பாக்குறவன் நான் ஒருத்தன்தான். எனக்கும் வேற வழி இல்லாமத்தான்" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர்.

புதன்கிழமை பேச்சிதான் பேச்சை எடுத்தாள். கடையில் அப்போது ஒரு கண்ணீர் அஞ்சலி வேலை ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, செத்தவங்களுக்குப் போடுறீங்களே, அதுல என்ன எழுதுவீங்க?"

"போட்டோ. பேரு. தோற்றம்னு பொறந்த தேதி, மறைவுன்னு செத்த தேதி. மேல இமயம் சரிந்ததுன்னு போட்டுருவேன். கீழ, யாரு வருத்தப்படுறாய்ங்களோ அவிங்க பேரு."

"எங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதேக்கா. செத்தா பட்டியல்லேருந்து பேரு போயிரும். அவ்வளவுதான். சந்தையில இருக்கவங்களுக்கு யாரு போனா, எப்படிப் போனான்னே தெரியாது."

எனக்குப் பொறி தட்டியது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் தட்டியது பாசத்தால் இல்லை. சந்தை வாசலில் தளபதிகள் 'ஆள் தேவை' என்று அறிவிப்புப் போடும் பலகை ஒன்று இருக்கிறது. அதில் நான் பதினோரு பேருக்கும் கண்ணீர் அஞ்சலி போட்டால்? வேறு எந்தத் தளபதியும் செய்யாத காரியம். நல்ல விளம்பரம்.

உட்கார்ந்துவிட்டேன். வரிசைக்கு நான்கு கட்டமாக மூன்று வரிசை. பேச்சி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'ரெண்டாம் டீ' சோனைமுத்து. 'வெத்தல' ஒச்சம்மா. 'மெதுவா' மொக்கராசு. தொப்பிக்காரியின் பெயர் காமுத்தாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தூங்கும்போது ஒரு கையால் பக்கத்து ஆளின் சட்டையைப் பிடித்துக்கொள்வாளாம்.

"இமயம் வேணாம்கா" என்றாள் பேச்சி.

"ஏன்டி, நல்லாத்தான இருக்கு?"

"இமயம்னா பெரிய மலைதான? சோனைமுத்து அஞ்சடிதான் இருந்தாரு. அவரே சிரிப்பாரு."

இமயத்தை எடுத்துவிட்டேன். கீழே வந்தோம். ஆழ்ந்த வருத்தத்துடன் என்று அடித்து, என் பெயரைப் போட்டேன். பேச்சி அந்தப் பெயரையே பார்த்தாள்.

"அக்கா, அவங்க ஏன் நின்னாங்கன்னு உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"நீங்கதான் நிக்கச் சொன்னீங்க. அங்கயே நில்லுங்க, ஒரு அடி நகராதீங்க, ஆள் வரும்னு."

சட்டைக் காலரில் இருந்த மைக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

"அது காதணி விழாக்காரருக்குச் சொன்னதுடி."

"எனக்குத் தெரிஞ்சுச்சு. நீங்க எங்ககிட்ட நில்லுங்கன்னு என்னிக்குச் சொல்லியிருக்கீங்க? நில்லுங்கடான்னுதான சொல்வீங்க? அதான் இது நமக்கில்லன்னு நான் ஓடிட்டேன். அவங்களையும் கூப்பிட்டேன், வரல. மொக்கராசு சொல்றாரு, மூணு வருசத்துல இன்னிக்குத்தான் அக்கா மரியாதையாப் பேசியிருக்கு, இதக்கூடக் கேக்கலேன்னா எப்படின்னு. எல்லாரும் சிரிச்சிக்கிட்டு நிமுந்து நின்னாங்கக்கா."

நான் அழுதேன். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து, அஞ்சலி போஸ்டரையும் என்னையும் பார்த்துவிட்டு, நெருங்கின சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சற்று நேரம் தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் போனார்.

பிறகு கடைசி வரியை மாற்றினேன். 'இவர்கள் பாலத்தில் நின்றது என் பேச்சைக் கேட்டு. அந்தப் பேச்சு இவர்களுக்கானது அல்ல. தவறு என்னுடையது. ஜெயக்கொடி' என்று போட்டேன். பதினெட்டு வருடத் தொழிலில் தவறு என்னுடையது என்று ஒரு ப்ளெக்ஸிலும் நான் அடித்ததில்லை.

"ஒரு கட்டம் காலியா இருக்கே" என்றாள் பேச்சி. பன்னிரண்டு கட்டம், பதினோரு பேர்.

"குத்துவிளக்கு வச்சிருவோம்."

"நான் வைக்கிறேன்கா."

மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை மைக்கைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் வெளியே போய்ப் பேசினேன். திரும்பி வந்தபோது பேச்சி, "ப்ரூப் பாத்துட்டேன், ஓகே" என்றாள். எங்கள் தொழிலில் ப்ரூப் பார்த்து ஓகே சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்த்தால் ஏதாவது தப்பு கண்ணில் படும். அப்படியே பலகையில் ஏற்றினேன். அறிவிப்பு வகை என்ன என்று கேட்டது. 'ஆள் தேவை'க்குக் கீழே, யாரும் தொடாத ஒரு வரியில் 'மறைவு' என்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துக் கைரேகை வைத்தேன்.

வியாழக்கிழமை சந்தையில் டீக்கடை காலி. கொட்டகை முழுக்கப் பலகை முன்னால் நின்றது. பெயர் பெயராக விரல் வைத்துப் படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாயழகண்ணனும் நான்கு பேரும் என் முகாமுக்கு வந்தார்கள்.

"சேர்றோம் தாயி. ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்கண்ணே."

"எங்களுக்கும் போடுவேல்ல? எந்த போட்டோன்னு இப்பவே முடிவு பண்ணிரணும். பின்னாடி நீ ஏதாச்சும் ஒண்ணு வச்சிட்டா கேக்க ஆள் இருக்காது."

அடுத்த இரண்டு மணி நேரம் என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய கூத்து. ஒருவனுக்கு இடது பக்கம்தான் அழகாம். ஒருத்தி துப்பாக்கி வேண்டாம், கையில் ரோஜாப்பூ வேண்டும் என்றாள். மாயழகண்ணன் கூலிங்கிளாஸ் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்து ஒன்று என்று இருபத்தேழு போட்டோ எடுக்க வைத்தார். கடைசியில் முதலாவதையே எடுத்துக்கொண்டார். ஐந்து பேரும் கைரேகை வைத்தபோது மணி ஐந்து. சந்தையும் பலகையும் மூடும் நேரம்.

ஐந்தும் ஒன்றும் ஆறு. நிம்மதியாகப் பட்டியலைத் திறந்தேன். ஐந்து பேர் என்று இருந்தது. மறுபடியும் எண்ணினேன். பேச்சி இல்லை.

பிளெஸ்ஸிக்குப் போன் போட்டேன்.

"மேடம், அவங்களுக்கு நீங்கதானே மறைவு போட்டீங்க? பன்னிரண்டாவது கட்டத்துல அவங்க போட்டோ இருக்கே. தோற்றம், மறைவு, உங்க கைரேகை எல்லாம் சரியா இருக்கு. அதனால ஒப்பந்தம் முடிஞ்சிருக்கு."

பலகையைத் திறந்து பார்த்தேன். குத்துவிளக்கு இருக்க வேண்டிய இடத்தில் பேச்சி, மருந்துப்பையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா அவ உயிரோட இருக்காம்மா."

"அதான் எங்களுக்கும் புரியலை மேடம். படையிலயும் இல்ல, சந்தையிலயும் இல்ல. பட்டியல்ல இல்லாதவங்களை யாரும் கூலிக்கு எடுக்க முடியாது, எங்களாலயும் அழிக்க முடியாது. இப்படி ஒருத்தர் இருக்கவே முடியாது மேடம்." பிறகு விதியைச் சொன்னாள். "ஆறு மணிக்குள்ள நீங்க திருத்தம் கொடுத்தா பழையபடி உங்க படைக்கு வந்துடுவாங்க. கொடுக்கலைன்னா ஐந்து பேர்தான். படை கலைஞ்சிடும். அந்த ஐந்து பேர் ஞாபகமும் போயிடும்."

மணி ஐந்து இருபது. இடது பக்கத் திரையில் ஆறும் முகாமும் தெரிந்தன. பேச்சி ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் அவள் தலைக்கு மேல் மிதக்கும் பெயர் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"என்னக் கேக்காம நீ எப்படிடி செத்த?" என்றேன்.

"கேட்டா விடுவீங்களாக்கா?"

விட்டிருக்க மாட்டேன்.

"ஆறு பேரு சேந்தாலும் அடுத்து அந்தப் பாலந்தானக்கா. காமுத்தாய் பக்கத்துல தூங்குனவ நான். மறுபடி அந்தப் பாலத்துல என்னால கால் வைக்க முடியாது. ஞாபகத்த அழிச்சா பயம் போயிரும், ஆனா அவங்களும் போயிருவாங்க. எனக்கு ரெண்டும் வேணாம்."

"எங்கடி போவ?"

"வடக்க இன்னும் வரைபடம் போடாத இடம் இருக்குக்கா. சும்மா நடந்து பாக்குறேன்."

நான் மாயழகண்ணனைக் கூப்பிட்டேன். நிலைமையைச் சொன்னேன். திருத்தம் கொடுக்கவில்லை என்றால் பத்தொன்பது சண்டை ஞாபகமும் போய்விடும் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"கொடுத்துறாத தாயி. பன்னெண்டாவது கட்டத்த நாங்க பாத்தோம். தப்ப ஒத்துக்கிட்டு, மிஞ்சுனவள உயிரோட விட்டுருக்கா, இப்பேர்ப்பட்ட ஆளுகிட்ட சேரலாம்னுதான் வந்தோம்."

அது நான் செய்ததில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஐந்து பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நினைக்கிற அந்த ஜெயக்கொடியை எனக்கும் பிடித்திருந்தது.

"பிளெஸ்ஸி, வேற வழியே இல்லையாம்மா?"

அவள் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. "விதியில ஒண்ணு இருக்கு மேடம். யாரும் செஞ்சதில்ல. தளபதி பதவியை விட்டுட்டு நீங்களே கூலிப்படையில ஒரு ஆளா சேரலாம். ஆனா அவங்களை மாதிரி உங்களுக்கும் ஒரே உயிர். மறைவுன்னு ஒரு தடவை பதிவாயிட்டா உங்க முகத்துக்குப் பாளையம் திரும்பத் திறக்காது. மூணு வருஷம், ஒன்பதாவது இடம், எல்லாம் போயிடும்."

படிவத்தை அனுப்பச் சொன்னேன். என்ன ஆயுதம் தெரியும் என்று கேட்டிருந்தது. எதுவும் தெரியாது என்று போட்டேன். வேறு திறமை என்ற இடத்தில், முகத்தை வெளுப்பாக்குவேன் என்று எழுதினேன். ஐந்து நாற்பத்தெட்டுக்குக் கைரேகை வைத்தேன். பட்டியலில் ஆறு என்று வந்தது. தளபதி இடம் காலியானதால் ஆறு பேரும் ஓட்டுப் போட்டு மாயழகண்ணனைத் தளபதியாக்கினோம். திரும்பிப் பார்த்தபோது ஆற்றங்கரையில் யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தலையில் விளையாட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஆளாகச் சேர்ந்தவர்களுக்கு மேலேயிருந்து பார்க்கும் திரை கிடையாது. மற்றவர்களோடு மண்ணில் நிற்க வேண்டும். மூன்று வருடமாக நான் இரண்டு விரல் நீளத்தில் பார்த்த பாலம் எனக்கு முன்னால் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. பாலத்துப் பலகையெல்லாம் ரத்தக் கறை. அது யார் யாருடையது என்று எனக்கு இப்போது பெயர் தெரியும். விளையாட்டுதான், செத்தால் கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், எல்லாம் தெரியும். ஆனாலும் பயமாக இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"அக்கரையில என்னதான் தாயி இருக்கு?" என்றார் மாயழகண்ணன்.

"ஒரு கொடிண்ணே."

"கொடிய வச்சு?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியலண்ணே. அடுத்த ஆத்துக்குப் போகலாம்னு நெனைக்கிறேன். அங்கயும் ஒரு பாலம் இருக்கும்."

அவர் மீசையைத் தடவினார். அந்த நேரத்தில் காதில் பிளெஸ்ஸியின் குரல்.

"மேடம், உங்க படை ஏன் நகரலைன்னு கேக்கச் சொன்னாங்க."

"பயமா இருக்கும்மா."

"உங்களுக்குமா?" என்றாள். பிறகு ஆபீஸ் குரலுக்கு மாறினாள். "மேடம், காலையில சந்தைப் பலகை திறந்ததிலேருந்து நாற்பத்தேழு பேருக்குக் கண்ணீர் அஞ்சலி வந்திருக்கு. எல்லாத்துலயும் தளபதிங்க கைரேகை இருக்கு. செத்தவங்க நாற்பத்தேழு பேரும் உயிரோட இருக்காங்க. விதியை மாத்தணும்னா ஆறு மாசம் ஆகுமாம், மேல இருக்கறவங்க ரொம்பக் கோவமா இருக்காங்க. இதுல உங்க பங்கு என்னன்னு கேக்குறாங்க."

"எல்லாம் எந்த டிசைன்ல வருதும்மா?"

"உங்களோடதுதான் மேடம். அப்படியே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டாய்ங்க பாரு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, பேச்சு பதிவாகிறது என்பது ஞாபகம் வந்து இருமினாள். இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்னால் மட்டும் மெதுவாக, "பேச்சி நல்லா இருக்காங்களா மேடம்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

மாயழகண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தளபதியின் கைரேகை இப்போது அவருடையது.

"தாயி, நம்ம போட்டோவெல்லாம் ரெடியாத்தான இருக்கு?"

"இருக்குண்ணே."

"அஞ்சு கட்டமா, ஆறு கட்டமா?"

ஐந்து என்று சொன்னால் நான் மட்டும் மிஞ்சுவேன். மறுபடியும் தளபதியாகலாம், சந்தைக்குப் போகலாம், ஒன்பதாவது இடத்தை மெல்ல மெல்லப் பிடித்துவிடலாம். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வடக்கே பேச்சி நடந்துபோவது கண்ணில்கூடப் படலாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும். உள்ளே இருந்தால், எத்தனை நாள் கழித்தாவது யாரையாவது அந்தப் பாலத்துக்கு அனுப்பிவிடுவேன்.

"ஆறு" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டிசைன் வேலையில் உட்கார்ந்தேன். ஐந்து கட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆறாவதற்குத்தான் நேரம் பிடித்தது. மூன்று போட்டோ மாற்றினேன், சூரியனை வைத்தேன், எடுத்தேன். பால்ச்சாமி டீயோடு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன ஜெயா இது, உனக்கேவா?"

"ஆமா. மாயழகண்ணன் கைரேகை வச்சதும் நான் போயிருவேன்."

"திரும்பி வர முடியாதா?"

"முடியாது."

அவர் டீயை மேஜையில் வைத்துவிட்டு, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ப்ரூப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசிக் கட்டத்தில் விரல் வைத்து நின்றார்.

"தோற்றத்துல உன் வயசு மூணு வருசம் கொறையுதே" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.